ட்ஸஃபோன்: வடக்கு, ஆனால் வடக்கு மட்டுமல்ல

தமிழ் வேதாகமத்தில் 48-ஆம் சங்கீதம் படிக்கிறவர்களுக்கு இரண்டாம் வசனத்தில் ஒரு சின்ன இடறல் வரும். 'வடதிசையிலுள்ள சீயோன் பர்வதம்' என்று இருக்கும். எதற்கு வடக்கே? சீயோன் எருசலேமின் குன்று. 'தாண் முதல் பெயெர்செபா வரை' என்று சொல்லப்படும் பழைய இஸ்ரவேலின் நீளத்தில் எருசலேம் தெற்குப் பாதியில்தான் விழுகிறது. தாவீதின் பழைய நகரத்துக்கு ஆலயக் குன்று வடக்கே இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சரி, இருக்கிறது. ஆனால் எபிரேய மூலத்தில் இருப்பது 'யர்கெதே ட்ஸஃபோன்', அதாவது வடக்கின் கடைக்கோடி. பக்கத்துக் குன்றை யாராவது கடைக்கோடி என்பார்களா?

சிக்கல் முழுவதும் அந்த ட்ஸஃபோன் என்ற சொல்லில் இருக்கிறது. எபிரேயத்தில் 'வடக்கு' என்பதற்கு அதுதான் சொல். முதல் எழுத்தான ட்ஸாதேயின் ஒலிக்குத் தமிழில் தனி எழுத்து கிடையாது. அதனால்தான் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இதே வேரில் பிறந்த பெயர்களைச் 'ச' வரிசையில் எழுதினார்கள். செப்பனியா தீர்க்கதரிசியின் பெயர் அப்படி வந்ததுதான். அவர் பெயருக்கும் வடக்குக்கும் என்ன உறவு? 'யெகோவா மறைத்துவைத்தார்' என்பது அந்தப் பெயரின் பொருள். ட்ஸ-ஃப-ன் என்ற மூன்று மெய்கள் சேர்ந்தால் எபிரேயத்தில் ஒளித்தல், மறைத்தல், பத்திரப்படுத்தல்.

மோசேயின் தாய் குழந்தையை மூன்று மாதம் ஒளித்துவைத்தாள் என்று யாத்திராகமம் சொல்லும் இடத்தில் வருவது இந்த வினைதான். எரிகோவில் ராகாப் ஒற்றர்களை மறைத்ததும் இதே வினை. 119-ஆம் சங்கீதத்தில் 'உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்' என்பதும் இதே. பயந்து ஒளிப்பது, விலைமதிப்பு தெரிந்து பொதிந்து வைப்பது இரண்டுக்கும் ஒரே சொல் போதும் அவர்களுக்கு.

யூதர்களின் பஸ்கா இரவு விருந்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தொடக்கத்தில் புளிப்பில்லா அப்பம் ஒன்றை இரண்டாக உடைத்துப் பெரிய துண்டைத் துணியில் சுற்றி எடுத்து வைப்பார்கள். பல வீடுகளில் அதை எங்காவது ஒளித்துவிட, பிள்ளைகள் மேசைக்கு அடியிலும் மெத்தைக்கு அடியிலும் தேடிக் கண்டுபிடிப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் கடைசியாக அந்தத் துண்டைத் தின்ன வேண்டும். சடங்கின் அந்தப் படிக்குப் பெயர் 'ட்ஸஃபூன்', மறைந்திருப்பது.

அப்படியானால் வடக்கு ஏன் 'மறைந்த திசை'? சூரியன் அந்தப் பக்கம் போவதே இல்லை, அது இருண்ட திசை, ஆகவே மறைந்த திசை என்பது பலகாலமாகச் சொல்லப்படும் விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு இதைவிட ஒரு மலையின் கதைதான் நம்பும்படி தோன்றுகிறது.

இன்று சிரியாவும் துருக்கியும் சந்திக்கும் எல்லையில், கடலோரத்திலேயே சுமார் 1,700 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது ஜெபல் அக்ரா. அதற்குத் தெற்கே உகாரித் என்ற பழைய துறைமுக நகரம் இருந்தது. அங்கே 1929-இல் தொடங்கிய அகழாய்வில் களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் இந்த மலையின் பெயர் ஸஃபோன். புயலின் கடவுளான பாகாலின் மாளிகை அதன் உச்சியில். உகாரித் மொழியில் அது மலையின் பெயர். எபிரேயத்துக்கு வந்ததும் மலை இருக்கும் பக்கமே அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது என்பது இந்தக் கட்சி. எபிரேயத்தில் மற்றத் திசைகளையும் பார்த்தால் இது பொருந்துகிறது. மேற்குக்கு அவர்கள் 'யாம்' என்பார்கள், கடல் என்று பொருள். தெற்குக்கு 'நெகேவ்', தெற்கே கிடக்கும் வறண்ட நிலத்தின் பெயர். மேட்டுப்புறத்தை மேற்கு என்றும் கீழ்ப்புறத்தைக் கிழக்கு என்றும் சொல்லும் நமக்கு இது விநோதமாகப் படக்கூடாது. மலைக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று கேட்டால் 'நோட்டமிடும் இடம்' என்ற பொருளுள்ள இன்னொரு வேரைக் காட்டுகிறார்கள் சிலர்.

இப்போது 48-ஆம் சங்கீதம் தெளிவாகிறது. பாகால் வீற்றிருக்கும் ஸஃபோன் மலையின் பெருமையைக் கவிஞன் பிடுங்கிச் சீயோனுக்குக் கொடுக்கிறான். 'உங்கள் ஸஃபோன் இருக்கட்டும், உண்மையான ஸஃபோன் எங்கள் குன்று' என்கிற அடாவடி அது. 'வடதிசையிலுள்ள' என்று பெயர்த்ததும் அந்த அடாவடி போய் வெறும் நில அடையாளம் மிஞ்சுகிறது. இங்கே சொல்லை மலையின் பெயராகவே விட்டிருக்கலாம். 'சீயோன் என்னும் ஸஃபோன் சிகரம்' என்பதுபோல. யாத்திராகமத்தில் 'பாகால்செபோன்' என்ற ஊர்ப்பெயரை அப்படியே விட்டவர்கள்தானே!

எரேமியாவில் கதை வேறு. அவர் காணும் பொங்குகிற பானை வடக்கிலிருந்து சாய்ந்திருக்கிறது; தீங்கு வடக்கேயிருந்து வரும் என்று விளக்கம் கிடைக்கிறது. அந்தத் தீங்கு பாபிலோன் படை. வரைபடத்தில் பாபிலோன் எருசலேமுக்கு ஏறக்குறைய நேர்கிழக்கு. ஆனால் நடுவில் பாலைவனம். எந்தப் படையும் அதைக் கடந்து வராது. யூப்ரடீஸ் ஆற்றோரமாக மேலேறி, சிரியா வழியாக இறங்கித்தான் வரவேண்டும். ஆகவே எருசலேமின் மதில்மேல் நிற்பவனுக்கு எதிரி எப்போதும் வடக்கு. எங்கே ஒளிந்திருக்கிறது, எப்போது வெளிப்படும் என்று தெரியாத ஆபத்து என்ற வாடையும் சொல்லில் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் அது கெட்ட திசை மட்டும் இல்லை. இஸ்ரவேலரின் வழிபாட்டு இடமான ஆசரிப்புக் கூடாரத்தில் அப்பமேசை வடபுறம், குத்துவிளக்கு தென்புறம். இதை வைத்து, செல்வம் வேண்டுகிறவன் வடக்கே திரும்பட்டும், ஞானம் வேண்டுகிறவன் தெற்கே திரும்பட்டும் என்றது யூத ரபிகளின் விளக்க நூலான தல்மூத்.

சரியான தமிழ்ச் சொல் எது என்றால், திசைக்கு வடக்கு, வடபுறம். அதில் குழப்பமில்லை. காற்று வரும் இடத்தில் மட்டும் தமிழுக்கு ஒரு கூடுதல் யோகம். உன்னதப்பாட்டில் 'எழும்பு ட்ஸஃபோன், வா தேமான்' என்று மூலத்தில் திசைப்பெயரே காற்றாகிறது. நம்மவர்கள் 'வாடையே! எழும்பு, தென்றலே! வா' என்றார்கள். இதைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது. என்ன, சங்கத் தலைவி வாடையைத் திட்டித் தீர்ப்பாள், உன்னதப்பாட்டின் தலைவி அதைக் கூப்பிடுகிறாள்.

நீதிமொழிகள் 25:23-இல் மட்டும் தமிழும் கைவிரிக்கிறது. வடகாற்று மழையைப் பிறப்பிக்கும், புறங்கூறும் நாக்கு கோபமுகத்தைப் பிறப்பிக்கும் என்பது வசனம். அந்த நாட்டில் மழை கொண்டுவருவது மேற்குக் கடற்காற்று. அப்புறம் ஏன் வடகாற்று? இரண்டாம் பாதியில் புறங்கூறும் நாக்குக்கு மூலத்தில் உள்ள சொல் 'மறைவின் நாக்கு'. மறைவுக்கு ஜோடியாகத்தான் ட்ஸஃபோன் வந்து நிற்கிறது. வடக்கு என்று எழுதினால் மறைவு போகும், மறைவு என்று எழுதினால் வடக்கு போகும்.

இன்றைய எபிரேயத்தில் திசைகாட்டிக்கு 'மட்ஸ்பேன்' என்று பெயர். ஒருவர் நிதானம் தப்பிப்போனால் 'வடக்கைத் தொலைத்துவிட்டார்' என்பார்கள். மனசாட்சி 'மட்ஸ்பூன்', உள்ளே மறைந்திருப்பது. அச்சில் உயிர்க்குறி போடாமல் எழுதும்போது 'மனசாட்சி' என்ற சொல்லும் 'வடக்கிலிருந்து' என்ற சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும், ஐந்தே எழுத்து. குறியில்லாத அச்சில் எரேமியாவைப் படிக்கும் இன்றைய வாசகர், தீங்கு புறப்படுவது மனசாட்சியிலிருந்து என்று ஒரு நொடி படித்துவிட்டுத்தான் திருத்திக்கொள்வார்.