தரக் குறிகாட்டி: சொல் விளக்கம்

மருத்துவச் சேவை எவ்வளவு நன்றாக நடக்கிறது என்பதை எண்ணால் காட்டும் அளவையை ஆங்கில வழக்கில் 'குவாலிட்டி இண்டிகேட்டர்' என்பார்கள். இதற்குத் தமிழில் 'தரக் குறியீடு', 'தரச் சுட்டெண்', 'தரக் குறிகாட்டி' என மூன்று வடிவங்கள் புழங்குகின்றன. நோயாளர்களின் மின்பதிவுகளை மருத்துவமனைகளும் மருந்தகங்களும் (அதாவது மருத்துவர் நோயாளரைப் பார்க்கும் 'கிளினிக்'குகளும்) பகிர்ந்துகொள்ளும் சிங்கப்பூர் போன்ற இடத்தில் இம்மூன்றையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எழுதினால் பொருள் குழம்பும். ஏனெனில், அந்தப் பதிவுக்குள் குறியீடும் இருக்கிறது, குறிகாட்டியும் அதிலிருந்துதான் பிறக்கிறது, இரண்டும் வேறு வேறு.

'இண்டிகேட்டர்' என்பது சுட்டிக்காட்டுதலைக் குறிக்கும் 'இண்டிகாரே' என்னும் லத்தீன் வினையின் வழிவந்தது. அதன் உறவுச் சொல்லான 'இண்டெக்ஸ்' லத்தீனில் ஆள்காட்டி விரலையும் குறிக்கும். அ, இ, உ ஆகிய மூன்றையும் தொல்காப்பியம் சுட்டு என்றது. நாம் இன்றும் சுட்டுவிரல் என்கிறோம். இந்த ஒற்றுமையைப் பார்த்து 'சுட்டெண்' என்று எழுதத் தோன்றுவது இயல்பே. ஆயினும், பல அளவுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கித் தருவதற்கு, விலைவாசிச் சுட்டெண்ணில் போல, அச்சொல் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. 'குறி' அப்படியன்று. நோயின் அடையாளங்களைச் சித்த மருத்துவம் 'குறிகுணம்' என்றே வழங்குகிறது. ஆகவே மருத்துவத்துக்கு அது புதிய சொல்லன்று. நோயைத் தானே காட்டாமல் அதன் இருப்பை உணர்த்துவது குறிகுணம். தரத்தின் நிலையை அவ்வாறு உணர்த்தும் எண்ணுக்குக் 'குறிகாட்டி' என்னும் பெயர் பொருந்திவருகிறது.

'தரம்' என்னும் சொல்லுக்கோ ஆட்சி வரலாறும் உண்டு. சோழர்காலக் கல்வெட்டுகளில் நிலத்தின் வகைப்பாடு தரம் எனப்பட்டது. வகைப்படுத்தப்படாத நிலம் தரமிலி எனப்பட்டது. தரம் என்றாலே அளந்து வகைப்படுத்துவது என்ற கருத்து அச்சொல்லுக்குள் அன்றே இருந்தது. மருத்துவத்தின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு, அவேடிஸ் டோனபேடியன் என்னும் அறிஞர் 1966ஆம் ஆண்டில் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்று வழிகளை வகுத்தார். படுக்கைகளும் தாதியரும் கட்டமைப்பு. உரிய பரிசோதனை உரிய காலத்தில் செய்யப்பட்டதா என்பது செயல்முறை. நோயாளி குணமடைந்தாரா என்பது விளைவு.

'குறியீடு' என்பதை ஏன் இங்கே விலக்க வேண்டும் என்பதை ஒரு பதிவின் உள்ளே நுழைந்து பார்த்தால் விளங்கும். பலதுறை மருந்தகத்துக்கு ('பாலிகிளினிக்') வரும் மூதாட்டி ஒருவர், 'எனக்கு இனிப்பு நீர் இருக்கு டாக்டர்' என்கிறார். மருத்துவர் அதனை இரண்டாம் வகை நீரிழிவு என உறுதிசெய்து கணினியில் பதிகிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் அதற்குரிய அடையாளம் 'ஈ11'. இதுதான் குறியீடு. எந்த மருந்தகத்தில், எந்த மொழியில் நோயாளி சொன்னாலும் கணினி ஒரே நோயாக எண்ணுவதற்கு இது வேண்டும். மருத்துவர் குறியீட்டை இடாமல், குறிப்புப் பகுதியில் 'சர்க்கரை கூடுதல்' என்று மட்டும் எழுதிவைத்திருந்தால், அந்த மூதாட்டி சிகிச்சை பெறலாம், ஆனால் கணக்கில் வராமல் போய்விடலாம்.

குறிகாட்டி என்பது பெரும்பாலும் ஒரு பின்னம். நீரிழிவு உள்ளவர்கள் எத்தனை பேர் என்பது கீழே நிற்கும். அவர்களுள் கடந்த ஓராண்டில் 'எச்பிஏ1சி' பரிசோதனை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர் என்பது மேலே நிற்கும். இரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை நிலையை இந்தப் பரிசோதனை காட்டுகிறது. பின்னத்தின் மேலெண்ணைத் தொகுதி என்றும் கீழெண்ணைப் பகுதி என்றும் தமிழ்க் கணிதநூல்கள் சொல்லும். கணிதத்தை ஆங்கிலத்தில் படித்த நமக்குத் தொகுதி என்றவுடன் பொதுத் தேர்தல்தான் நினைவுக்கு வரும் என்பதால், இவ்விளக்கத்தில் மேலெண், கீழெண் என்றே கொள்வோம்.

பகிர்வுப் பதிவு இந்த இரண்டு எண்களையும் மாற்றிவிடுகிறது. மேற்சொன்ன மூதாட்டி மார்ச் மாதத்தில் பலதுறை மருந்தகத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு, ஜூலையில் வீட்டுக்குக் கீழே உள்ள தனியார் மருந்தகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தனியார் மருந்தகம் தன் பதிவை மட்டும் பார்த்தால், அவருக்குப் பரிசோதனை நடக்கவில்லை என்றே கணக்கிடும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் 30 நாளுக்குள் மறுபடி சேர்க்கப்பட்டாரா என்னும் குறிகாட்டியில் பிழை எதிர்த்திசையில் நேர்கிறது. அவர் இரண்டாம் முறை வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தால், முதல் மருத்துவமனையின் தனிப் பதிவு அவரை நலமாகத் திரும்பியவராகவே எண்ணிக்கொள்ளும். ஒரு நிறுவனத்தின் பதிவை மட்டும் வைத்துச் செய்த ஒப்பீடுகளை நான் எச்சரிக்கையோடு படிப்பது இதனால்தான்.

சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு, ஒரு நோயாளிக்கு ஒரே பதிவு என்னும் நோக்கத்தில் உருவானது. அடையாள அட்டை எண் இருப்பதால் ஒருவரின் தகவல்களை இணைப்பது இங்கே எளிது. முத்துசாமி என்னும் பெயரை ரோமன் எழுத்துகளில் மூன்று விதமாக எழுதினாலும் ஆள் மாறிவிடமாட்டார். ஆனால் இது முழுப் பதிவன்று, சுருக்கப் பதிவு. கண்டறியப்பட்ட நோய், மருந்து, ஒவ்வாமை, பரிசோதனை முடிவு போன்றவை இதில் சேரும். மருத்துவர் எழுதிய விரிவான குறிப்பு அவரவர் மருந்தகத்திலேயே இருக்கும். மூல ஓலை ஓரிடத்திலும் படியோலை வேறிடத்திலும் இருந்த பழைய ஆவண முறையை இது நினைவூட்டுகிறது, இங்கே படி சுருக்கமானது என்ற வேறுபாட்டோடு. தனியார் மருந்தகங்கள் தொடக்கத்தில் விருப்பத்தின் பேரிலேயே இணைந்தன. அதனைக் கட்டாயமாக்கும் திட்டம், 15 லட்சம் நோயாளிகளின் தகவல் களவாடப்பட்ட 2018ஆம் ஆண்டு இணையத் தாக்குதலுக்குப் பின் (பொது மருத்துவமனைகளை நடத்தும் சிங்ஹெல்த் குழுமத்தின் மீது நடந்தது) தள்ளிவைக்கப்பட்டது.

ஆகவே, பகிர்வுப் பதிவில் ஒரு பரிசோதனை இல்லையென்றால் அது செய்யப்படவில்லை என்று உடனே கொள்ளக்கூடாது. செய்த இடம் பதிவை அனுப்பாமலும் இருந்திருக்கலாம். சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு விகிதம் உயர்ந்திருந்தால், கவனிப்பு மேம்பட்டதா, பதிவு அனுப்பும் மருந்தகங்கள் கூடினவா என்று பிரித்தறிய வேண்டும். முதியவர்களும் பல நோய் உள்ளவர்களும் அதிகம் வரும் மருத்துவமனையின் விளைவுக் குறிகாட்டியை, இளவயதினர் வரும் மருத்துவமனையோடு அப்படியே ஒப்பிடுவதும் நியாயமன்று. வயதையும் நோய்ச்சுமையையும் கணக்கில் கொண்டு எண்ணைச் சீராக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

எழுதும்போது இவ்வாறு பிரித்துக்கொள்ளலாம். நோய்க்கும் மருந்துக்கும் கணினி தரும் அடையாளம் குறியீடு. அத்தகைய பதிவுகளிலிருந்து கணக்கிட்டு, சேவையின் ஓர் அம்சத்தைக் காட்டும் விகிதம் தரக் குறிகாட்டி. பல குறிகாட்டிகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கினால் அது தரச் சுட்டெண். 'மருந்தகத்தின் தரக் குறியீடு உயர்ந்தது' என்பதைவிட, 'நீரிழிவாளர்களுக்கான ஆண்டுப் பரிசோதனைக் குறிகாட்டி உயர்ந்தது' என்று எழுதினால், உயர்ந்தது எது என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.