மரணபரியந்தம்: சொல்லும் பொருளும்

"மரணபரியந்தம் உமக்கு உண்மையா இருக்கக் கிருபை தாரும் ஆண்டவரே" என்று தாத்தா பாட்டிமார் ஜெபத்தை முடிப்பதை இலங்கை மலையகத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்த எவரும் கேட்டிருப்பார்கள். தோட்டத்துச் சிற்றாலயத்தில் அடக்க ஆராதனை நடந்தாலும் இந்தச் சொல் வந்துவிடும். ஆனால் இன்றைய பிள்ளைகளிடம் பரியந்தம் என்றால் என்ன என்று கேட்டால், அது ஏதோ பெரிய சொல் என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. அது எனக்குக் கவலையாக இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சரி, பிரித்துப் பார்ப்போம். மரணம், பரியந்தம் இரண்டுமே வடசொற்கள். பரியந்தத்துக்குள் இருப்பவை பரி, அந்தம். 'ஆதி அந்தம்' என்கிறோமே அதே அந்தம், முடிவு. பரி என்றால் சுற்றிலும், முழுக்க. ஆக பரியந்தம் என்பது எல்லை, விளிம்பு, அதன் வழியாக 'வரைக்கும்'. 1871இல் நிறைவடைந்த பவர் ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்பான திருப்புதல்தான் இன்றும் சீர்திருத்த சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது, அதில் இந்தச் சொல் பல இடங்களில் வரும்: முடிவுபரியந்தம், மரணபரியந்தம் என்று. கண்டியை மையமாக வைத்து 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு மிஷன் தொடங்கினார்கள், 'தமிழ் கூலி மிஷன்' என்று பேர் வைத்தார்கள் (அந்தப் பேர் இன்றைக்கும் மனதைக் குத்துகிறது), அதன் உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்து போய் லயத்து (தொழிலாளரின் வரிசை வீடுகள்) மக்களுக்கு வேதம் சொன்னார்கள். இப்படியான வேதத் தமிழ் எங்கள் சனத்தின் வாயில் ஏறியது அவர்களைப் போன்றவர்களால்தான்.

நாம் அதிகம் மேற்கோள் காட்டும் இடம் வெளிப்படுத்தல் 2:10. "நீ மரணபரியந்தம் உண்மையாயிரு, அப்பொழுது ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்." இது சிமிர்னா சபைக்குச் சொல்லப்பட்டது, அந்த ஊர் இன்றைய துருக்கியின் இஸ்மிர். அந்த வசனத்திலேயே சிறையும் உபத்திரவமும் வருகின்றன, அதாவது வயதாகிப் படுக்கையில் கண்மூடும் நாள் வரை என்று ஒரு காலக்கணக்கு மட்டும் அங்கே சொல்லப்படவில்லை. உயிரே போகும் நிலை வந்தாலும் விட்டுக்கொடுக்காதே என்ற அளவும் சேர்ந்திருக்கிறது. பிலிப்பியர் 2:8 இதை இன்னும் தெளிவாக்கும்: இயேசு "மரணபரியந்தம், அதாவது சிலுவையின் மரணபரியந்தமும்" கீழ்ப்படிந்தார் என்கிறது. அங்கே நாள்கணக்குக்கு இடமே இல்லை, எவ்வளவு தூரம் போனார் என்பதுதான் பேச்சு. அதே சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப், 2ஆம் நூற்றாண்டில், கிறிஸ்துவைப் பழித்தால் விட்டுவிடுகிறேன் என்று ரோம அதிகாரி சொன்னபோது, 86 வருடமாக அவருக்குத் தொண்டு செய்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே என்று பதில் சொன்னதாக அவருடைய சாவைப் பற்றிய பழைய பதிவு சொல்கிறது. நீண்ட காலமும் உயிர் கொடுக்கும் அளவும் அந்த ஒரு கிழவரிடம் ஒன்றாக இருந்தன.

அப்புறம், 'உண்மையாயிரு' என்பதைப் பொய் பேசாதே என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் பிஸ்தொஸ், நம்பத்தக்கவர் என்று பொருள். நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்கலாம், அப்படிப்பட்ட ஆள்.

இதற்கு நல்ல தமிழ் என்ன? கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு 'இறக்கும்வரை' என்கிறது. எளிமை, யாருக்கும் புரியும், ஆனால் காதில் விழுவது காலம் மட்டும்தான். என் மனதுக்குப் பிடித்தது 'சாகுமளவும்'. இன்றளவும் என்கிறோமே, அந்த அளவும்தான். அதில் காலமும் இருக்கிறது, எவ்வளவு என்ற கணக்கும் இருக்கிறது. 'சாகுமட்டும்' என்பதும் அப்படியே, மட்டு என்றாலும் அளவுதான்; விடியுமட்டும், வருமட்டும் என்று இலங்கைப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கும் சொல்.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். தோட்டத்தில் சொன்ன அளவு கொழுந்து நிறுத்துக் கொடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். மரணபரியந்தத்தையும் சிலர் இப்படித்தான் எண்ணிக்கொண்டு, இளமையை வீணாக்கிவிட்டேன், இனி எனக்கு அரைப்பேர்தான் என்று மனம் உடைந்து போகிறார்கள். மத்தேயு 20இல் பதினோராம் மணிக்கு, அதாவது பின்னேரம் 5 மணிபோல, திராட்சைத் தோட்டத்துக்கு வந்தவனுக்கும் எசமான் முழு நாள் கூலி கொடுக்கிறார். எழுபது வயதில் மனந்திரும்பியவரும் சாகுமளவும் உண்மையாயிருக்கலாம், அவருக்கு முன்னால் இருக்கும் நாட்கள் குறைவு, அவ்வளவுதான்.

ஆலயத்தில் வாசிக்கும்போது பழைய சொல்லையே வாசியுங்கள், மரண, பரியந்தம் என்று நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில். பக்கத்தில் இருக்கும் பிள்ளை அர்த்தம் கேட்டால் 'சாகுமளவும்' என்று சொல்லிக் கொடுங்கள், பிலிப்பியர் 2:8ஐயும் எடுத்துக் காட்டுங்கள்.