சொல் விளக்கம்: உள்ளக ஒப்புமுறை

“பசுமை இல்ல வாயு உமிழ்வு மீதான உள் கட்டுப்பாடுகளை நிறுவனம் இந்த ஆண்டு வலுப்படுத்தியுள்ளது.” நிறுவன அறிக்கைகளின் தமிழாக்கங்களில் இந்த வகை வரி வந்துகொண்டே இருக்கிறது. இதைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? உமிழ்வு குறைந்துவிட்டது என்றுதான். மூலத்தில் சொன்னது அதுவல்ல. உமிழ்வு இவ்வளவு என்று எழுதிய எண் சரிதானா என்று பார்க்கும் ஏற்பாட்டைச் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள், அவ்வளவே. உமிழ்வு அந்த ஆண்டில் கூடியிருக்கவும் கூடும். ஆங்கில ‘இன்டர்னல் கன்ட்ரோல்’ என்பதைக் ‘கட்டுப்பாடு’ என்று பெயர்த்த ஒரே ஒரு சொல்லால், கணக்கைப் பற்றிய செய்தி காற்றைப் பற்றிய நற்செய்தியாக மாறிவிடுகிறது. அதற்குப் பதிலாக ‘உள்ளக ஒப்புமுறை’ என்று சொல்லலாம் என்பதே இந்தக் குறிப்பு. பங்கு வாங்குகிறவருக்கும் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவருக்கும் இது சின்னப் பிழை அல்ல.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் குழப்பம் தீரும். கன்ட்ரோல் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு ‘கோந்த்ர்-ரோல்’ என்பதிலிருந்து வந்தது. ‘கோந்த்ர்’ என்றால் எதிர், ‘ரோல்’ என்றால் கணக்கு எழுதிய சுருள். ஓர் அலுவலர் எழுதும் கணக்குக்கு ஈடாக இன்னொருவர் தனியே வைத்திருந்த எதிர்ச்சுருள் அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பிழை கண்டார்கள். அடக்குதல், ஆளுதல் என்ற பொருளெல்லாம் பிறகு ஏறியவை. பிரெஞ்சில் இன்றும் ரயிலில் டிக்கெட் பார்க்கிறவருக்குப் பெயர் ‘கோந்த்ரோலர்’.

தணிக்கைத் துறையில் இன்டர்னல் கன்ட்ரோல் என்பது இந்தப் பழைய பொருளை ஒட்டியது. அமெரிக்காவில் 1985-இல் ஐந்து கணக்கியல், தணிக்கை அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய கோசோ என்ற குழு, 1992-இல் இதற்கு ஒரு சட்டகம் வெளியிட்டது. இயக்குநர் குழுவும் மேலாளர்களும் ஊழியர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு செயல்முறை என்றும், நோக்கங்கள் நிறைவேறும் என்பதற்கு நியாயமான உறுதி தருவது என்றும் அது விளக்குகிறது. முழு உறுதி என்று அது எங்கும் சொல்லவில்லை. 2013 திருத்தத்தில் ‘நிதி அறிக்கை’ என்றிருந்த நோக்கத்தை ‘அறிக்கை’ என்று விரித்தார்கள். மின்சாரம், தண்ணீர், கழிவு, விபத்து என்று பணமல்லாத எண்களும் அப்போதே உள்ளே வந்துவிட்டன. 2023 மார்ச்சில் அந்தச் சட்டகத்தின் 5 கூறுகளையும் 17 கோட்பாடுகளையும் நிலைபேற்று அறிக்கைக்கு எப்படிப் பொருத்துவது என்று தனி வழிகாட்டியே வந்தது.

‘சஸ்டெய்னபிலிட்டி’ என்பதை நிலைபேறு என்று எழுதியதற்கு ஒரு வரி. நிலைத்தன்மை என்ற சொல்லை ரிசர்வ் வங்கியின் ‘நிதி நிலைத்தன்மை அறிக்கை’ ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. ஆட்டம் காணாமல் இருப்பது வேறு, அடுத்த தலைமுறைக்கும் மிச்சம் வைத்து நடத்துவது வேறு. இலங்கைத் தமிழில் நிலைபேறு வேரூன்றியிருக்கிறது. அதையே எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி, கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு வருவோம்.

கட்டுப்படுதல் என்பதிலிருந்து வந்தது அது. ஊர்க் கட்டுப்பாடு, விலைக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு, மாசுக் கட்டுப்பாடு. எங்கே வந்தாலும் ஒன்றை எல்லைக்குள் நிறுத்துவது, குறைப்பது, தடுப்பது. நல்ல சொல், அதன் இடத்தில். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் என்ற பெயரில் அது சரியாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே வேலையே மாசைக் குறைப்பதுதான். ஆனால் அதே அறிக்கையில், ஒரு பக்கம் மாசுக் கட்டுப்பாடு என்றும் அடுத்த பக்கம் மாசுத் தரவு மீதான உள் கட்டுப்பாடு என்றும் எழுதினால், படிக்கிறவர் இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை.

“தரக் கட்டுப்பாடு என்கிறோமே, தரத்தைக் குறைப்பது என்றா புரிந்துகொள்கிறோம்?” என்று ஒரு மறுப்பு உடனே வரும். அங்கே முன்னால் நிற்கும் சொல் காப்பாற்றுகிறது. தரம் குறைய வேண்டும் என்று யாரும் விரும்புவதில்லை என்பதால் காது தானாகவே வேறு பொருளைத் தேடிக்கொள்கிறது. உமிழ்வு, கழிவு, விபத்து ஆகியவை அப்படி அல்ல. அவை குறைய வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் கட்டுப்பாடு என்று வந்தால் குறைத்தல் என்ற பொருள்தான் முந்திக்கொண்டு வரும். நிதி அறிக்கையில் இத்தனை ஆண்டுகளாக இந்தப் பிழை கண்ணில் படாததற்கும் இதுவே காரணம். வருமானம் மீதான கட்டுப்பாடு என்றால் யாரும் வருமானத்தைக் குறைப்பதாக நினைக்கவில்லை. நிலைபேற்று அறிக்கைதான் இந்தச் சொல்லின் ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது.

ஆங்கிலத்தில் ‘ஓவர்’ என்று வருவதை ‘மீதான’ என்று அப்படியே இறக்கும்போது இன்னும் மோசம். “நிலைத்தன்மை அறிக்கை மீதான உள் கட்டுப்பாடு” என்றால் அறிக்கையை வெளியிட விடாமல் தடை போட்டதுபோல் இருக்கிறது. பத்திரிகைகள் மீதான கட்டுப்பாடு என்று சொல்லிப் பழகிய தமிழில் வேறெப்படிப் புரியும்? ‘கன்ட்ரோல் என்விரான்மென்ட்’ என்பது சட்டகத்தின் முதல் கூறு. யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், மேலே உள்ளவர்கள் நேர்மையை எவ்வளவு பொருட்படுத்துகிறார்கள், தவறைச் சுட்டிக்காட்டியவரை என்ன செய்கிறார்கள் என்பவை அதில் அடங்கும். அதைச் ‘சுற்றுச்சூழல் கட்டுப்பாடு’ என்று மாற்றிவிடுகிறார்கள். சூழல் பற்றிய அறிக்கையில் இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது, அதுதான் ஆபத்து. ‘கன்ட்ரோல் ஓனர்’ கட்டுப்பாட்டு உரிமையாளர் ஆகிவிடுகிறார். அவர் எதற்கும் உரிமையாளர் இல்லை. ஒரு சரிபார்ப்பு ஒவ்வொரு மாதமும் நடக்கிறதா என்பதற்குப் பொறுப்பாளர்.

அகராதியை மட்டும் பார்த்து எழுதுகிறவர்களால் வரும் வினை இது. ஒரு சொல் அந்தத் தொழிலில் என்ன வேலை செய்கிறது என்று ஒரு மணி நேரம் கேட்டறிந்தால் போதும், இந்தக் கேடு வராது. அந்த வேலையை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஓர் ஆலையின் ஜெனரேட்டர் டீசலை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் கணக்குத் துறையிடம் இருப்பது வாங்கிய பில். ஆண்டில் 12,000 லிட்டர் வாங்கினார்கள் என்றால் அதையே எரித்ததாக எழுதிவிடுகிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில் தொட்டியில் 1,800 லிட்டர் இருந்தது, முடிவில் 2,400 லிட்டர் இருக்கிறது என்றால் எரிந்தது 11,400 லிட்டர்தான். லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 30.6 டன். வாங்கியதை வைத்துப் போட்டால் 32.2 டன். தொட்டிக் குச்சி அளவை மார்ச் 31 மாலையில் ஸ்டோர்காரர் எழுத, பராமரிப்புத் துறையிலிருந்து ஒருவர் உடன் நின்று பார்த்து ஒப்பமிட, ஜெனரேட்டர் ஓடிய மணி நேரத்தோடு அதைப் பொருத்திப் பார்க்கிறார்கள் அல்லவா, அதுதான் கன்ட்ரோல். எரிப்பது ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை. எண் மட்டும் சரியானது.

மின்சாரத்தில் இன்னும் பெரிய விபத்து நடக்கும். பில்லில் இருப்பது யூனிட், அதாவது கிலோவாட் மணி. விரிதாளின் கட்டம் கேட்பது மெகாவாட் மணி. 4,80,000 யூனிட் என்பது 480 மெகாவாட் மணி. யூனிட்டை அப்படியே தட்டச்சு செய்தால், மெகாவாட் மணிக்குச் சுமார் 0.7 டன் கார்பன் டை ஆக்சைடு என்ற உமிழ்வுக் காரணியோடு பெருக்கி 336 டன் வரவேண்டிய இடத்தில் 3,36,000 டன் நிற்கும். இதைத் தடுக்கச் சில எளிய ஏற்பாடுகள் போதும். அலகு எழுதாத எண்ணைக் கட்டம் ஏற்கக் கூடாது. போன மாதத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் காரணம் எழுதாமல் மேலே போகக் கூடாது. உமிழ்வுக் காரணிகள் தனித் தாளில் பூட்டப்பட்டிருக்க வேண்டும், எந்த ஆண்டின் மத்திய மின்சார ஆணையப் பட்டியல் என்று அதில் குறித்திருக்க வேண்டும். பழைய காரணி புதிய ஆண்டுக்கு ஒட்டிக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கும் தவறு.

விபத்து விகிதத்தில் வேறு மாதிரி. பத்து லட்சம் வேலை மணிக்கு எத்தனை விபத்து என்பது கணக்கு. ஒப்பந்தத் தொழிலாளர் அடிபட்டதை மேலே சேர்த்து, அவர்களின் வேலை மணியைக் கீழே சேர்க்க மறந்தால் விகிதம் வீணாக ஏறும். அவர்களிடையே விபத்து அதிகம் என்றால், இரண்டையும் விட்டுவிடும்போது பொய்யாக இறங்கும். ஒப்பந்தக்காரர் தரும் வருகைப் பட்டியலை வாயில் பதிவேட்டோடு சேர்த்துப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து.

இந்த எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான். ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் வேறொரு சான்றோடு ஒப்பிடுகிறார், ஒப்பினால்தான் எண் மேலே போகிறது. இதற்குத் தமிழில் சொல் இல்லையா?

சோழர் செப்பேடுகளிலேயே இருக்கிறது. அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை என்ற எழுத்தர் எழுத, திருமந்திர ஓலை நாயகம் என்ற மேலதிகாரி அதைப் பார்த்து ஒப்ப, அதன் பிறகே வரிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். ஒருவர் ‘எழுத்தினாலும்’ மற்றவர் ‘ஒப்பினாலும்’ புகுந்த கேள்வி என்று ஆனைமங்கலச் செப்பேடு போன்றவை இரண்டையும் தனித்தனியே பெயரிட்டுச் சொல்கின்றன. வரியில் இடும்போது வேறு சில அலுவலர்களும் உடனிருந்தார்கள். பிரெஞ்சு எதிர்ச்சுருளும் தமிழ் ஒப்பும் ஒரே வேலையைச் செய்தவை. ஒப்பிடுதல், ஒப்புதல், ஒப்பம் என்று பார்த்தல், இசைதல், கையெழுத்து மூன்றையும் ஒரே வேரில் வைத்திருக்கிற சொல்லை விட்டுவிட்டு, கட்டிப்போடும் சொல்லைத் தேடிப் போனோம்.

ஆகவே பரிந்துரை உள்ளக ஒப்புமுறை. தனித்தனி ஏற்பாட்டுக்கு ஒப்புச் செயல். பொறுப்பாளருக்கு ஒப்புப் பொறுப்பாளர். முதல் கூறுக்கு ஒப்புமுறைப் பின்புலம். மற்ற கூறுகளில் இடர் மதிப்பீடு, கண்காணிப்பு போன்றவை ஏற்கெனவே நன்றாகவே இருக்கின்றன, அவற்றைத் தொட வேண்டாம்.

வேறு ஆக்கங்களும் உண்டு. அகக் கட்டுப்பாடு என்பது மனத்தை அடக்குவதாக ஒலிக்கிறது, யோகப் பயிற்சிக்குப் பொருந்தும். உள் சரிபார்ப்பு நெருங்கி வருகிறது. ஆனால் தணிக்கைப் பாடத்தில் இன்டர்னல் செக் என்று தனியே ஒன்று உண்டு. ஒருவர் வேலை இன்னொருவர் வேலையால் தானாகச் சரிபார்க்கப்படும்படி பணியைப் பிரித்து வைப்பது அது. பெரிய முறையின் ஒரு பகுதி மட்டுமே. பகுதியின் பெயரை முழுமைக்கு வைத்தால் பகுதிக்குப் பெயர் இல்லாமல் போகும். உள்ளகக் காப்பு என்றால் காவல் துறை நினைவு வருகிறது.

ஒப்பு என்பதற்கும் ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதுதான். ‘ஒப்புக்குச் செய்தான்’ என்றால் பேருக்குச் செய்தான் என்று பொருள். அந்த நிழல் இந்தச் சொல் மேல் விழாதா? ‘ஒப்புக்கு’ என்ற வழக்கில்தான் அந்தப் பொருள் நிற்கிறது. ஒப்புதல் என்றோ ஒப்புநோக்குதல் என்றோ சொல்லும்போது யாருக்கும் அது தோன்றுவதில்லை. அதோடு, இந்தத் துறையின் தீராத நோய்க்கு அதுவே பெயராகவும் உதவுகிறது. பார்க்காமலேயே பன்னிரண்டு மாதத் தாளிலும் ஒரே நாளில், ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டிருப்பதைத் தணிக்கையாளர் கண்டால், அந்த ஒப்பு ஒப்புக்கு நடந்தது என்று எழுதலாம். 

இதை இப்போதே சரிசெய்ய வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நிலைபேற்று அறிக்கை) வடிவம் சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியல் நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயம். 2023 ஜூலையில் வந்த பிஆர்எஸ்ஆர் கோர், 9 தலைப்புகளின் எண்களை வெளியார் ஒருவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும் என்று, பெரிய 150 நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கேட்டது. அந்த வெளியார் முதலில் கேட்பது இந்த எண்ணை யார் எழுதினார், யார் ஒப்பினார், எந்தத் தாளைப் பார்த்து என்பதைத்தான். ஆலைத் தளத்தில் மீட்டர் பார்த்து எழுதுகிறவருக்கும் ஸ்டோரில் டீசல் அளக்கிறவருக்கும் தரும் செயல்முறைக் குறிப்பு தமிழில்தான் இருக்க வேண்டும். அதில் ‘டீசல் மீதான கட்டுப்பாடு’ என்று எழுதினால் அவர் டீசலைச் சிக்கனப்படுத்தச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். ‘டீசல் அளவுக்கான ஒப்பு: குச்சி அளவு எழுதுபவர், உடனிருந்து பார்ப்பவர், இருவர் ஒப்பம்’ என்று எழுதினால் விளக்கம் கேட்க மாட்டார்.