வருகைப் பதிவேட்டில் இல்லாதவர்கள்

மாலை ஐந்தே முக்கால் இருக்கும். இரவல் பிரிவில் அன்றைய கணக்கை முடித்துக்கொண்டிருந்தேன். காவலாளிச் சீருடையில் ஒரு பெண் வேகமாக உள்ளே வந்தார். மகனுக்குக் கணக்குப் புத்தகம் வேண்டும் என்றார். உறுப்பினரா என்று கேட்டேன், இல்லை. விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து, முகவரிச் சான்றும் ஜாமீன் கையெழுத்தும் வேண்டும் என்று சொன்னேன். விதி அப்படித்தான் இருந்தது.

"இந்த ஊர்ல எனக்கு யார் சார் கையெழுத்து போடுவாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனவர், அப்புறம் வரவே இல்லை.

வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து கிடையாது. அதனால் நூலகத்தின் கணக்கில் அப்படி ஒருவர் வரவே இல்லை. பல வருடம் நூலகப் பணியிலும் திட்டமிடும் கூட்டங்களிலும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாம் திட்டம் போடுவது பெரும்பாலும் வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்ற கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறுவதே அபூர்வம்.

இதற்கு எளிய வேலை ஒன்று உண்டு. உறுப்பினர் முகவரிகளை ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். நாங்கள் வைத்தபோது, கிளை நூலகத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு குடியிருப்பில் ஒரு புள்ளிகூட விழவில்லை. காகிதத்தில் பார்த்தால் அந்த மக்களுக்கு நூலகம் பக்கத்தில்தான். நடந்து பார்த்தபோதுதான் புரிந்தது. நடுவே நான்குவழிச் சாலை. கடப்பதற்கு வசதி இல்லை. எந்தத் தாய் பிள்ளையைத் தனியாக அனுப்புவாள்? அந்த இடத்துக்கு வாரம் ஒருமுறை நடமாடும் நூலக வண்டி போனாலே போதும், புதுக் கட்டடம் தேவையில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

போன வருடம் எத்தனை நூல் இரவல் போனது என்று பார்த்து நிதி ஒதுக்குவது பல இடங்களில் வழக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஊழியர் இல்லாமல் வாரத்தில் மூன்று நாள் பூட்டிக் கிடக்கும் கிளையில் இரவல் எப்படிக் கூடும்? இரவல் குறைவு என்று பணத்தைக் குறைப்பார்கள், பணம் இல்லை என்று இன்னொரு நாளும் பூட்டுவார்கள். நாலு வருடத்தில் "இங்கே வாசிப்பவர்களே இல்லை" என்று கோப்பில் எழுதி முடித்துவிடுவார்கள். அப்படி ஒரு கோப்பை நானே படித்திருக்கிறேன். மனம் ஆறவில்லை.

உள்ளூர் வரியை மட்டும் நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. பிரிட்டனில் 1850-ல் வந்த பொது நூலகச் சட்டம், சொத்து மதிப்பில் பவுண்டுக்கு அரை பென்னி வரி போட நகர மன்றங்களுக்கு அனுமதி தந்தது. அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், ஆள் வைக்கலாம், புத்தகம் மட்டும் வாங்கக் கூடாது! 1855-ல் அதைத் திருத்தி ஒரு பென்னியாக உயர்த்தினார்கள். அந்த உச்சவரம்பு 1919 வரை நீடித்தது. ஒரே வரிவிகிதம்தான், ஆனால் சொத்து மதிப்பு கூடிய ஊரில் பணம் சேர்ந்தது, ஏழை ஊரில் சம்பளத்துக்கே திண்டாட்டம். உள்ளூர் வரி எவ்வளவு சேர்கிறதோ, அதைப் பார்த்து மேல்நிலை அரசு பற்றாக்குறையை ஈடுகட்டினால்தான் இந்த இடைவெளி குறையும்.

கட்டடத்துக்குப் பணம் தேடுவது எளிது. திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. அடுத்த ஆண்டு மின்கட்டணத்துக்கும் மாலை நேர ஊழியருக்கும் பணம் கேட்டால்தான் அறை அமைதியாகிவிடும். உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு நன்கொடை தந்த அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி இதை அறிந்திருந்தார். இடத்தை ஊரே தர வேண்டும், கொடுத்த தொகையில் பத்து சதவீதத்தை ஆண்டுதோறும் நடத்தும் செலவுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அவர் வழக்கமாக வைத்த நிபந்தனை. இன்றும் ஒரு நூலகத் திட்டம் கைக்கு வந்தால் நான் முதலில் புரட்டுவது இரண்டாம் ஆண்டுச் செலவுப் பக்கத்தைத்தான்.

தாமதக் கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2019-ல் தன் கணக்கை ஆராய்ந்தது. புத்தகத்தைத் தாமதமாகத் திருப்புவதில் பணக்காரர், ஏழை என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. அபராதம் கட்ட முடியாமல் அட்டை முடங்கியவர்கள் மட்டும் வருமானம் குறைந்த பகுதிகளில் பல மடங்கு அதிகம். அதே ஆண்டில் அங்கே தாமதக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். தவறு எல்லோரும் செய்தது, வாசல் அடைபட்டது சிலருக்கு மட்டும்.

மின்னூல் வந்தால் தூரம் ஒரு பொருட்டில்லை என்பவர்களுக்கு ஒரு தகவல். பெரிய பதிப்பகங்கள் பல, நூலகங்களுக்கு மின்னூலை விற்பதில்லை, கால அளவுக்கோ இரவல் எண்ணிக்கைக்கோ உரிமம்தான் தருகின்றன. 2011-ல் ஒரு பதிப்பகம் 26 இரவல் என்று வரம்பு வைத்தது. முடிந்ததும் மறுபடி வாங்க வேண்டும். வீட்டில் இணையமோ கருவியோ இல்லாதவருக்கு அந்தச் செலவால் ஒரு பயனும் இல்லை. பார்வையற்றோருக்கான வடிவங்களை உருவாக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் 2013 மராகேஷ் உடன்படிக்கை வழிசெய்திருக்கிறது. பல கிளைகளில் அதற்கென்று ஒரு வரிகூட நிதியறிக்கையில் இல்லை.

அந்தப் பெண் போன மறுவாரம், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண நோட்டை வைத்தேன். புத்தகம் கிடைக்காமல் திரும்பியவர் எத்தனை மணிக்கு வந்தார், ஏன் திரும்பினார் என்று பெயர் இல்லாமல் எழுதச் சொன்னேன். ஜாமீன் இல்லை. நேரம் முடிந்தது. படியேற முடியவில்லை. அபராதம் பாக்கி. அவர் மொழியில் புத்தகம் இல்லை. மூன்று மாதத்தில் பக்கங்கள் நிரம்பின. அடுத்த நிதிக் கூட்டத்துக்கு அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு போனேன். ஜாமீன் கையெழுத்து விதி போய், சுய உறுதிமொழி போதும் என்று ஆனது. வாரத்தில் இரண்டு நாள் கூட்டமில்லாத காலை நேரத்தைக் குறைத்து, இரவு எட்டு மணி வரை திறக்க அனுமதி கிடைத்தது. சாய்தளம் இன்னும் வரவில்லை. அதற்காக நோட்டின் இரண்டாம் பாகம் நிரம்பிக்கொண்டிருக்கிறது.