அறையை உடனே துப்புரவாக்காதீர்கள்: தீவு மர்ம நாவல்களும் நம் கடற்கரை மரணங்களும்

இலங்கையின் கிழக்குக் கரையில், அறுகம்பையில் அலைச்சறுக்குக்கு வருகிறவர்கள் தங்கும் சின்ன விடுதிகளில் பார்த்திருப்பீர்கள், வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத் தட்டு இருக்கும். ஊருக்குத் திரும்புகிறவர்கள் வாசித்து முடித்ததை அதில் வைத்துவிட்டு, விமானத்தில் வாசிக்க வேறொன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். வெயிலிலும் உப்புக்காற்றிலும் அட்டை வளைந்துபோன அந்தப் புத்தகங்களில் துப்பறியும் கதைகள் நிறைய. அவற்றுக்குள்ளும் ஒரு தனி இனம் உண்டு: விடுமுறைத் தீவு ஒன்றிலேயே நடக்கும் கொலைக் கதைகள். ஒன்று முடிந்தால் அடுத்தது, அதே தீவு, அதே துப்பறிவாளர், புதுப் பிணம்.

நான் திடீர் மரண விசாரணை அதிகாரி. ஊரில் வயதானவர்கள் இன்னும் ‘கொறனர்’ என்றுதான் சொல்வார்கள். பகலில் பார்ப்பது போதாதா, இரவிலும் பிணமா என்று வீட்டில் ஏச்சு விழுந்தாலும், இந்த வகைக் கதைகளை நான் விடுவதில்லை. பொழுதுபோக்கு என்பது ஒரு காரணம். இன்னொன்று, இவற்றில் ஒரு விஷயம் அச்சொட்டாக நம் கடற்கரையைப் போலவே இருக்கும்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் மார்த்தாஸ் வினியார்ட் என்றொரு தீவு. பிலிப் ஆர். கிரெய்க் என்பவர் அதை வைத்தே ஒரு தொடர் எழுதினார். முதல் நாவல் 1989இல் வந்தது. கதாநாயகன் பொஸ்டன் பொலிஸில் இருந்து விலகி, தீவில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள். குளிர்காலத்தில் ஊர் அடங்கிக் கிடக்கும். கோடை வந்தால் பெரும்புள்ளிகளும் பணக்காரர்களும் வந்து இறங்க, சனத்தொகை பல மடங்காகும். வருடம் முழுக்கத் தீவில் கிடக்கிறவன் இரண்டு மூன்று மாதத்தில் உழைத்துத்தான் மிச்சத்தை ஓட்ட வேண்டும். இப்படியான ஊரில் கரையோரம் ஒருவர் செத்துக் கிடந்தால் ஊர் என்ன சொல்லும்? “விபத்து.” எந்தத் தீவுத் தொடரை எடுத்தாலும் அநேகமாக முதல் அத்தியாயங்களில் இந்தச் சொல் வந்துவிடும். ஹோட்டல்காரர் சொல்வார், படகுக்காரர் சொல்வார், ஊர்ப் பெரியவர் சொல்வார். சீசன் கெட்டுவிடக் கூடாதே.

நம்மிடமும் அதேதான். 2009இல் போர் முடிந்த பிறகு, மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாவில் வரிசையாக ஹோட்டல்கள் எழும்பின. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கடல் அடங்கியிருக்கும் காலம். பிறகு வாடைக்காற்றும் மழையும் வந்துவிடும். அந்தச் சில மாத வருமானத்தை நம்பி வாழைச்சேனையிலும் கல்குடாவிலும் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன. ஆகவே ஒரு மரணம் நடந்தால் எல்லாருக்கும் அவசரம். முதலாளிக்கு அவசரம், கூட்டி வந்த வழிகாட்டிக்கு அவசரம், இறந்தவரின் ஆட்களுக்கும் அவசரம். நம்மாட்கள் என்றால் பொழுதுபடுமுன் அடக்கம் செய்ய வேண்டும். முஸ்லிம் குடும்பம் என்றால் ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது. இவற்றில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன், இரவு இரண்டு மணிக்கு எழுப்பினாலும் போவேன். ஆனால் இந்த அவசரத்தில் ஒரு வேலை மட்டும் மிகச் சுறுசுறுப்பாக நடக்கிறது. இறந்தவர் தங்கியிருந்த அறையைக் கூட்டித் துடைத்து, விரிப்பை மாற்றி, குப்பையைக் கொட்டிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைதான் எங்களுக்கு அடிப்படை. திடீரென்று, விபத்தில், சந்தேகத்துக்கிடமாக, அல்லது எப்படியென்றே தெரியாமல் ஒருவர் இறந்தால், இறந்தவர் யார், எங்கே, எப்போது, எதனால் இறந்தார் என்று விசாரித்து எழுதுவது எங்கள் பொறுப்பு. சம்பவ இடத்துக்குப் போவோம், சடலத்தைப் பார்ப்போம், சாட்சியம் பதிவோம், தேவையென்றால் சட்ட வைத்திய அதிகாரியிடம் பிரேத பரிசோதனைக்கு அனுப்புவோம். கொலைகாரனைப் பிடிப்பது எங்கள் வேலை இல்லை, அது பொலிஸின் வேலை. கொறனர் முறை ஆங்கிலேயரிடமிருந்து நமக்கு வந்தது. அந்த மசாசூசெட்ஸ்காரர்கள் 1877இலேயே கொறனரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் மருத்துவரை வைத்துவிட்டார்கள். நம் நாட்டில் இன்னும் என்னைப் போன்றவர்கள்தான். நாங்கள் மருத்துவர்கள் இல்லை. அதனாலேயே, அங்கே இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பது எங்களுக்கு இரட்டிப்பு முக்கியம்.

இதை அகதா கிறிஸ்டி எப்போதோ புரிந்துவைத்திருந்தார். 1964இல் வந்த ‘எ கரீபியன் மிஸ்ட்ரி’யில், மேற்கிந்தியத் தீவு ஹோட்டல் ஒன்றில் வயதான மேஜர் ஒருவர் இரவில் இறந்துபோகிறார். அறையில் இரத்த அழுத்த மாத்திரைப் போத்தல் இருக்கிறது. வயசாளி, அழுத்தம், முடிந்தது கதை என்று எல்லாரும் இருந்துவிடுகிறார்கள். அந்தப் போத்தல் முன்பு அந்த அறையில் இருக்கவே இல்லை என்பதைக் கவனித்தவள் அறை துப்புரவு செய்யும் பெண் ஒருத்தி. மருத்துவருக்குத் தெரியவில்லை, முதலாளிக்குத் தெரியவில்லை, பக்கத்து அறைக்காரருக்கும் தெரியவில்லை. நாளாந்தம் போய் மேசை துடைக்கிறவளுக்குத் தெரிந்திருந்தது. (அவளுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் புத்தகத்திலேயே வாசித்துக்கொள்ளுங்கள், நல்லதாக இல்லை.)

எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். உள்ளூர்ச் சுற்றுலாவாகக் குடும்பத்தோடு வந்த ஒரு நடுத்தர வயதுக்காரர். காலையில் தனியாகக் குளிக்கப் போனவர், இடுப்பளவு தண்ணீரில் குப்புற மிதந்தார். பாசிக்குடா தெரியுமே, வெகுதூரம் நடந்துகொண்டே போகலாம், அலையும் பெரிதாக இராது. நீந்தத் தெரிந்த மனிதர், இடுப்பளவு தண்ணீரில் எப்படி மூழ்குவார்? முந்தின இரவு மைத்துனரோடு ஏதோ வாய்த்தர்க்கம். நாங்கள் போய்ச் சேருமுன் கரையில் பாதிப் பேர் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். மனைவியின் கண்ணும் அந்த மைத்துனர் மேலே, தன் சொந்த அண்ணன் மேலேதான் நின்றது.

அறையைப் பார்க்கப் போனால், பளிச்சென்று இருந்தது. புது விரிப்பு, மடித்து வைத்த துவாய், குப்பைவாளி காலி. மனேஜர் நல்லெண்ணத்தோடுதான், “குடும்பம் திரும்பி வந்து இருக்க வேணும் சேர், அதுதான் சுத்தமாக்கச் சொன்னேன்” என்றார். அறை துப்புரவு செய்த பெடியனைக் கூப்பிட்டேன். ஏறாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. முதலில் வாயே திறக்கவில்லை. மனேஜரை வெளியே நிற்கச் சொன்ன பிறகு மெதுவாகச் சொன்னான்: “கட்டிலுக்குக் கீழ ஒரு குளிசைக் காட் கிடந்த சேர். புதுசு, ஒண்டும் எடுக்கல்ல. குப்பை எண்டு போட்டுட்டன்.” குப்பை நல்லவேளையாகப் பின்வளவில் எரிக்காமல் இருந்தது. கிளறி எடுத்தோம். வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை. ஒன்றுகூடக் கழற்றப்படவில்லை.

மனைவிக்கு அவருடைய வலிப்பு வருத்தம் தெரியும். மருந்தும் எடுக்கிறார் என்றுதான் நினைத்திருந்தார். பயணத்தில் விட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வலிப்பு வந்து தண்ணீரில் மூழ்கினால், பிரேத பரிசோதனையில் மூழ்கியது தெரியும். வலிப்பு வந்தது பெரும்பாலும் தெரியாது. நாக்கைக் கடித்திருந்தால் ஒரு தடயம், அதுவும் எப்போதும் இராது. சட்ட வைத்திய அதிகாரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உடலில் பதியாத ஒன்றை அவர் எங்கே தேடுவார்? அந்த மாத்திரை அட்டையையும், வருத்தத்தின் வரலாற்றையும், உடலில் காயம் இல்லாததையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வந்தது. அட்டை கிடைக்காவிட்டால் அந்த மைத்துனரைப் பற்றி ஊர் இன்றைக்கும் குசுகுசுத்துக்கொண்டிருக்கும். நாவலாக இருந்தால் கடைசி அத்தியாயத்தில் ஒரு கொலைகாரன் வந்திருப்பான். நிசத்தில் எங்கள் கோப்புகளில் அதிகம் கிடைப்பது இப்படியான குளிசைக் காட்தான், அல்லது வெறும் சாராயப் போத்தல்.

இன்னும் ஒன்று. நீரில் கிடந்த சடலத்தைப் பார்த்துவிட்டு “அடிச்சுப் போட்டிருக்கிறாங்கள்” என்று சொல்வது நம் கரைகளில் வழமை. சடலம் தண்ணீரில் பெரும்பாலும் குப்புறத்தான் மிதக்கும். தலையும் கையும் காலும் கீழே தொங்கும். மணலிலும் பாறையிலும் இழுபட்டு நெற்றி, விரல் மொளி, முழங்கால் எல்லாம் உரசியிருக்கும். கண்ணிமை, உதடு, காது போன்ற மென்மையான இடங்களை மீனும் நண்டும் தின்றிருக்கும். வாவிக்குள் என்றால் இன்னும் மோசம். எது உயிரோடு இருக்கையில் பட்ட காயம், எது பிறகு வந்தது என்று பிரிப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. நாவலில் மருத்துவர் சடலத்தைப் பார்த்ததும் “இரவு பத்தே காலுக்கும் பத்தரைக்கும் இடையில்” என்பாரே, அதையும் நம்ப வேண்டாம். நம் வெக்கையில் உடல் விறைப்பதும் வேகம், விடுவதும் வேகம். கடைசியாக உயிரோடு பார்த்த ஆள் சொல்லும் நேரம்தான் எங்களுக்கு நம்பிக்கையான நேரம்.

சரி, கடற்கரையிலோ விடுதியிலோ வேலை செய்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? முதலில் உயிர். தண்ணீரிலிருந்து தூக்கியவருக்கு உயிர் இருக்கக்கூடும் என்றால் தடயத்தை மறந்துவிடுங்கள். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, இரண்டையும் இன்னும் செய்கிறார்கள். இரண்டும் கூடாது, நேரத்தையும் தின்னும், வாந்தி நுரையீரலுக்குள்ளும் போகும். உயிர் இல்லை என்பது திண்ணமாகத் தெரிந்தால் 119. பொலிஸ் வரும்வரை உடலைக் கழுவாதீர்கள், உடுப்பை மாற்றாதீர்கள். அறையைப் பூட்டித் திறப்பை ஒருவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு வேறு அறை கொடுங்கள். ஓர் அறை வாடகை போனால் போகட்டும். குளிசை, போத்தல், தட்டில் மிச்சம் கிடக்கும் சாப்பாடு, செருப்பு, போன், எதையும் ஒழுங்குபடுத்தாதீர்கள். சி.சி.டி.வி. இருந்தால் பழைய பதிவு அழியுமுன் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், சில இடங்களில் அது சில நாட்களில் தானாக அழிந்துவிடும். இப்படியான ஒரு மரணத்தைப் பொலிஸுக்கோ கிராம சேவகருக்கோ அறிவிப்பது உபகாரம் இல்லை; மேலே சொன்ன அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு அதை எல்லாருக்கும் கடமையாக்கியிருக்கிறது.

போனை எடுத்து வீடியோ பிடிக்கிறவர்களைப் பற்றி என்ன சொல்வது. பாரிஸில் இருக்கும் மகள் தகப்பன் இறந்ததைப் பேஸ்புக்கில் பார்த்து அறிகிறாள். அதன் கீழே “கொலையா? தற்கொலையா?” என்று தலைப்பும் போட்டு, கடைசியாக அவரோடு கதைத்த தேத்தண்ணிக்கடைப் பெடியனின் படத்தையும் போட்டிருப்பார்கள். நாவல் வாசிக்கிறவருக்கு எல்லாரையும் சந்தேகப்படும் சுதந்திரம் உண்டு, புத்தகத்தை மூடினால் ஒருவருக்கும் நட்டமில்லை. நாள்கூலிக்கு வேலை செய்யும் பிள்ளையின் மேல் ஒட்டிய சந்தேகம் அப்படிப் போகாது. அடுத்த சீசனுக்கு எந்த ஹோட்டலும் அவனை எடுக்காது.

அப்புறம், “அறுக்க வேண்டாம் சேர்” என்ற கெஞ்சல். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அப்படிக் கேட்கும்போது கல்லும் கரையும். ஆனால் காரணம் தெளிவில்லாத மரணத்தில் பரிசோதனை இல்லாமல் விட்டால், பிறகு காப்புறுதிக்காரர் கேள்வி கேட்பார், வெளிநாட்டு வேலைத்தளம் கேள்வி கேட்கும். இளம் வயதில் நீந்தும்போது திடீரென்று இறக்கும் சிலரிடம் பரம்பரையாக வரும் இதயக் கோளாறு இருக்கும். அது தெரிந்தால் தம்பி தங்கைகளையாவது மருத்துவரிடம் காட்டலாம். சில வேளை காரணம் அன்றே தெரியாது. மாதிரிகளை எடுத்து அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பி, ‘திறந்த தீர்ப்பு’ என்று எழுதுவோம். எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகும், தொலைக்காட்சியில் வருவதுபோல அடுத்த விளம்பர இடைவேளைக்குள் வராது. சடலத்தை அதுவரை வைத்திருக்கவும் மாட்டோம். மாதிரி எடுத்தபின் உறவினரிடம் கொடுத்துவிடுவோம்.

கடைசியாக, அறை துப்புரவு செய்கிற, படகு ஓட்டுகிற, இரவுக் காவலுக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு. முதலாளியிடம் சொன்னால் நீங்கள் சாட்சி சொன்னதாக ஆகாது. பொலிஸாரிடமோ என்னைப் போன்றவரிடமோ நேரே சொல்லுங்கள். மனேஜர் பக்கத்தில் நிற்பது கஷ்டமென்றால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். “குடிச்சிருப்பார்” என்பது ஊகம், “ஒன்பது மணிக்கு ரெண்டு போத்தல் சோடா கேட்டார்” என்பது சாட்சி. வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேட்கலாம். கையெழுத்துப் போடுமுன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். மரண விசாரணை பெரும்பாலும் சம்பவ இடத்திலோ ஆஸ்பத்திரிப் பிரேத அறை வாசலிலோதான் நடக்கும், நீதிமன்றத்துக்கு அலைய வேண்டி வருவது குறைவு. முதலாளிமாரே, அந்த நேரத்துக்குச் சம்பளத்தை வெட்டாதீர்கள்.