அந்த இடத்து அரிப்புக்கு மெடிக்கல்ல வாங்குற டியூப்

மார்த்தாண்டம் பக்கம், குளச்சல் பக்கம்னு எங்க கேட்டாலும் விதைப்பை அரிப்புக்கு டாக்டர்ட்ட போறவங்க கம்மிதான், வெக்கம், அதனால மெடிக்கல்ல ஆள் இல்லாத நேரமா பாத்து மெதுவா சொல்லி ஒரு டியூப் வாங்கிட்டு வந்துருவாங்க. அதுல நிறைய டியூப்ல க்ளோபெட்டசால் இருக்கும், ஸ்டீராய்டு க்ரீம்லயே உச்ச வீரியம். போட்டதும் அரிப்பு அடங்கிரும், அதனால நல்ல மருந்துன்னு நினைச்சு மாசக்கணக்கா தேய்ப்பாங்க.

1967ல ஃபெல்ட்மேன், மைபாக்னு ரெண்டு பேரு ஹைட்ரோகார்ட்டிசோன்ங்கிற ஸ்டீராய்டை உடம்புல பல இடத்துல தடவி எவ்வளவு உள்ள இறங்குதுன்னு அளந்தாங்க. முன்கையில 1 பங்குன்னா விதைப்பையில 42 பங்கு! உள்ளங்கால்ல 0.14தான். மருந்து இறங்குற அதே தோல் வழியா சோப்பும், சரியா அலசாத ஜட்டியில நிக்கிற சோப்புத்தூளும் இறங்கும். ரப்பர் பால் வெட்டுறவங்க ஷீட் அடிச்ச கையை ஆசிட் போக கழுவாம ஒதுங்கப் போனாலும், கடலுக்குப் போறவங்க உப்புத்தண்ணி நனைஞ்ச துணியோடயே கிடந்தாலும் எரிச்சல் கிளம்பும். சொறிய சொறிய தோல் தடிக்கும், தடிச்ச தோல் இன்னும் அரிக்கும், ராத்திரி தூக்கத்துல கை தானா போகும். க்ளோபெட்டசாலை விடாம போட்டா தோல் மெலிஞ்சு போய், நிறுத்தினதும் செவசெவன்னு எரியும், உடனே மறுபடி அதே டியூப்.

படர்தாமரையா இருந்தா இன்னும் மோசம், ஸ்டீராய்டு அதை மறைச்சு பரவ விட்டுரும். அது பொதுவா தொடை இடுக்குல ஓரம் செவந்து வளையமா பரவும், விதைப்பையை பெரும்பாலும் விட்டுரும். வீட்ல எல்லாருக்கும் ராத்திரி அரிச்சா சொறிசிரங்கான்னு பாக்கணும். மேல சொன்ன மாதிரி எரிச்சல்ல வர்ற கரப்பான் (எக்சிமா) ஒட்டுற நோயே இல்ல, வீட்டுக்காரிக்கு வராது.

மொதல்ல அங்க சோப்பை நிறுத்துங்க, டெட்டாலும் வேண்டாம், வெறும் தண்ணி போதும். தேய்க்காம ஒத்தி எடுத்து, வாசலின் மாதிரி மணமில்லாதது ஏதாச்சும் தடவலாம். வேப்பிலை மஞ்சள் அரைச்சுப் பூசுறதை தயவுசெஞ்சு விடுங்க. அரிச்சா சொறியாம குளிர்ந்த ஈரத்துணி வைங்க. வெளிய போறப்ப காட்டன் ஜட்டி, வீட்ல சாரம் (லுங்கி).

டாக்டர் பாத்தா பெரும்பாலும் வீரியம் கம்மியான ஹைட்ரோகார்ட்டிசோனை கொஞ்ச நாளைக்கு குடுப்பாங்க, இல்லன்னா டாக்ரோலிமஸ் களிம்பு. டாக்ரோலிமஸ் ஸ்டீராய்டு இல்ல, தோலை மெலிய வைக்காது, ஆனா மொத சில நாள் காந்தும், அதுக்கு பயந்துதான் பாதி பேரு விட்டுர்றாங்க. நீர் வடிஞ்சாலோ, ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தாலோ நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் தோல் ஓபிக்கு போயிருங்க, அங்க தினமும் இதைப் பாக்குறவங்கதான்.