ஃப்ளாக் வந்ததால் டல்லஸின் கணக்கு நேராகிவிடுமா?

“கூப்பர் ஃப்ளாக் கிடைத்துவிட்டார், ஆக, லூக்கா டான்சிச்சை விட்டுக்கொடுத்ததில் டல்லஸுக்கு நஷ்டமில்லை.” விளையாட்டுப் பக்கத்துக்கு வரும் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கட்டுரைகளில் இந்த வாதத்தை வெட்டி வெட்டிக் கை ஓய்ந்துவிட்டது. நேற்றும் ஒன்று வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 2025 பிப்ரவரி தொடக்கத்தில், 25 வயது நட்சத்திரம் டான்சிச்சை டல்லஸ் மேவரிக்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. எட்டு மாதங்களுக்கு முன்புதான் அவர் அந்த அணியை இறுதித் தொடர்வரை கொண்டுபோயிருந்தார். பதிலுக்கு வந்தவை: 31 வயது ஆண்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமை (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில் ஓர் இடம்) ஒன்று. இடையில் கைமாறிய மற்ற பெயர்கள் பெரும்பாலும் இரு பக்கச் சம்பளக் கணக்கையும் லீக் விதிப்படி நேர்செய்ய வந்தவை. தலைகளை எண்ணி லாப நஷ்டம் எழுதாதீர்கள்.

பிறகு டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டார். மார்ச்சில் அணியின் இன்னொரு நட்சத்திரம் கைரி இர்விங்கின் முழங்கால் போனது. 39 வெற்றி, 43 தோல்வி என்று சரிந்த அணிக்கு, பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகாத அணிகளுக்குத் தேர்வு வரிசையை முடிவு செய்யும் மே மாதக் குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பே இருந்தும் முதலிடம் விழுந்தது. அந்த ஆண்டின் முதல் தேர்வாகப் புதுமுகம் ஃப்ளாக் வந்தது அப்படித்தான். அது டல்லஸின் சொந்தத் தேர்வுரிமை. லேக்கர்ஸ் கொடுத்தது அல்ல. “லூக்கா இருந்திருந்தால் அந்தக் குலுக்கலுக்கே போயிருக்க மாட்டார்களே” என்று உடனே கேட்பார்கள். இருக்கட்டும். நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றவர் வீடு திரும்பும் வழியில் வாங்கிய லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழுந்தால், நிலம் நல்ல விலைக்குப் போனதாக ஆகிவிடுமா? நூற்றில் தொண்ணூற்றெட்டு முறை அந்தச் சீட்டு வெற்றுக் காகிதம். விற்பனையைச் செய்த பொது மேலாளர் நிக்கோ ஹாரிசனை அதே நவம்பரில் டல்லஸ் நிர்வாகம் நீக்கியது. அந்த நிர்வாகமே நம்பாத கணக்கை நம் ஆட்கள் மட்டும் ஏன் தூக்கிச் சுமக்கிறார்கள் என்று தெரியவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விற்ற அன்று வேறு என்ன கிடைத்திருக்கும்? ஹாரிசன் மற்ற அணிகளிடம் விலை கேட்கவே இல்லை. லேக்கர்ஸின் பொது மேலாளர் ராப் பெலிங்காவோடு ரகசியமாகப் பேசி முடித்தார். லேக்கர்ஸிடம் 2031 முதல் சுற்றுத் தேர்வுரிமையும் இருந்தது, டால்டன் நெக்ட் என்ற புதுமுகமும் இருந்தார். இரண்டும் டல்லஸுக்கு வரவில்லை. அதே வாரம் ஷார்லட் அணியின் மார்க் வில்லியம்ஸுக்காக அந்த இரண்டையுமே கொடுக்க லேக்கர்ஸ் ஒப்புக்கொண்டது. டான்சிச்சுக்குக் கொடுக்காததை வில்லியம்ஸுக்குக் கொடுக்க முன்வந்தார்கள் என்றால், டல்லஸ் எவ்வளவு குறைவாகக் கேட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. 2019இல் இதே டேவிஸை நியூ ஆர்லியன்ஸ் இதே பெலிங்காவிடம்தான் விற்றது. டேவிஸ் வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டிருந்ததால் விற்றவர் கை கட்டப்பட்டிருந்தது. அப்படியும் லோன்சோ பால், பிராண்டன் இங்கிராம், ஜோஷ் ஹார்ட் மூவரோடு மூன்று முதல் சுற்றுத் தேர்வுரிமைகளும், தேர்வு வரிசையில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையும் கிடைத்தன. டல்லஸை யாரும் நெருக்கவில்லை. கிடைத்த தேர்வுரிமை ஒன்றே ஒன்று.

இதே தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது. 2019இல் பால் ஜார்ஜுக்காக ஷே கில்ஜஸ் அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும் ஓக்லஹோமாவுக்குக் கொடுத்த கிளிப்பர்ஸை இன்று எல்லோரும் எள்ளுகிறார்கள். கில்ஜஸ் அலெக்சாண்டர் 2025இல் லீக்கின் சிறந்த வீரர், அணி சாம்பியன், எள்ளுவது சுலபம். அன்று அவர் ஒரே ஒரு பருவம் ஆடி, ஆட்டத்துக்கு 10.8 புள்ளி எடுத்திருந்த இளைஞர். ஜார்ஜ் வந்தால்தான் இன்னொரு நட்சத்திரம் கவாய் லெனார்டும் வருவார் என்ற நிலை. கிளிப்பர்ஸ் கொடுத்தது இருவருக்கான விலை. அதிகம்தான், முட்டாள்தனம் அல்ல.

தயவுசெய்து எழுதும் முன் சிலவற்றைப் பாருங்கள். வீரரின் வயது என்ன, ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மிச்சம்? தேர்வுரிமை எந்த அணியுடையது, எந்த ஆண்டு, பாதுகாப்பு நிபந்தனை (குறிப்பிட்ட இடத்துக்குள் விழுந்தால் கொடுத்த அணியிடமே தங்கிவிடும் என்பது) உண்டா? “முதல் சுற்று” என்று மொட்டையாக எழுதினால் மூன்றாவது இடமும் இருபத்தொன்பதாவது இடமும் ஒன்றாகிவிடும். 2013இல் கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் கொடுத்து பாஸ்டன் வாங்கிய புரூக்ளின் உரிமைகளிலிருந்துதான் ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள். வாங்குகிற அணிக்கு என்ன அவசரம் என்பதையும் பாருங்கள்: 2018இல் டொரான்டோ கவாயைப் பெற்றது ஒரே பருவத்துக்கு, கோப்பையோடு முடிந்தது, மறு ஆண்டு அவர் போய்விட்டார் என்பதற்காக அதை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள்.

மருத்துவப் பரிசோதனை முடியும்வரை மதிப்பெண்ணும் போடாதீர்கள். வில்லியம்ஸ் வர்த்தகம் அந்தப் பரிசோதனையில்தான் ரத்தானது. அதற்குள் லேக்கர்ஸுக்கு ‘ஏ’ கொடுத்து இரண்டு கட்டுரைகள் அச்சுக்குத் தயாராக இருந்தன.